சம்பந்தி ஊர்க் குளத்தில் மூடுபனி

மதகுச் சுவருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். மடக்கிய ட்ரைபாட் மடியில் கிடந்தது. கேமராவைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆள் இப்படி ஒளிந்து உட்காருவது முழங்காலுக்கும் நல்லதல்ல, மரியாதைக்கும் நல்லதல்ல.

குளத்தின் மேல் பனி இறங்கியிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் முன்வரிசை மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அடுத்த வரிசை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருந்தது. எங்கோ ஒரு நாமக்கோழி விட்டு விட்டுக் கத்தியது.

கரைமேல் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஓர் இருமல். அந்த இருமலை எனக்குத் தெரியும். என் மகளின் கல்யாணத்தில், சர்ச்சில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது மைக்கையும் மீறிக் கேட்ட இருமல் அது.

"ஏலே, சும்மா வாலே. அங்கன என்னத்த மோந்துக்கிட்டு கெடக்க?"

நாயிடம் பேசிக்கொண்டு வந்தவர் என் சம்பந்தி சவரிமுத்து. மகள் ஜெனியின் மாமனார்.

நாய் மோந்துகொண்டிருந்தது என் முழங்காலை. அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். என்ன நினைத்ததோ, குரைக்காமல் வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு ஓடிப்போனது. செருப்புச் சத்தம் பனிக்குள் தேய்ந்து நின்றது.

நான் மூச்சை விட்டேன். ட்ரைபாடை விரித்தேன்.

போன சில வாரங்களாக இந்தத் தொடரில் என் மருந்துக்கடைக் கதையாகவே எழுதிவிட்டேன். மாத்திரை வாசம் போதும், உங்கள் படங்களைப் பற்றி எழுதுங்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எழுதலாம். ஆனால் பனிப் படம் என்றதும் எனக்கு இந்த மதகுச் சுவர்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஆகவே சம்பந்தியிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை. ஊர்ப் பெயரை எழுதக்கூடாது என்று ஜெனி சொல்லிவிட்டாள். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை அடிவாரம் போகிற வழி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் முதல் பனி

படம் எடுக்க ஆரம்பித்தது நாற்பது வயதுக்கு மேல். கடையில் காலை முதல் இரவு வரை மருந்துப் பெயர்களையும் காலாவதித் தேதிகளையும் படித்துப் படித்து, எழுத்தே இல்லாத எதையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். கடையில் மாத்திரை டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சுவதற்காகச் சின்னச் சின்னப் பொட்டலங்கள் வரும். காலி டப்பாக்களிலிருந்து அவற்றைச் சேர்த்து எடுத்துக் கேமராப் பைக்குள் வரிசையாக அடுக்கி வைத்தேன். இன்றும் என் கேமராப் பையைத் திறந்தால் லேசாக வைட்டமின் மாத்திரை வாசம் அடிக்கும்.

முதல் பனிக்காலத்தில் நண்பர் ஒருவரின் காரில் நத்தம் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனேன். முன்கண்ணாடியில் படியும் ஈரத்தைப் போக்க நண்பர் வழி முழுக்க ஏ.சி. போட்டுக்கொண்டு வந்தார். இறங்கியதும் படமாக எடுத்துத் தள்ளினேன். அப்படி ஒரு பனியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மரம், கரை, தண்ணீர் எல்லாம் பாலில் கரைந்தாற்போல் இருந்தன. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது ஒரு படத்தில் நண்பர் நின்றார். என்னிடமிருந்து கைக்கெட்டும் தூரத்தில் நின்றவர். அவரும் பாலில் கரைந்திருந்தார்.

அன்று கண்மாயில் பனி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் என் லென்ஸில். ஏ.சி.யில் குளிர்ந்துபோன கண்ணாடி வெளிக்காற்று பட்டதும் வியர்த்திருக்கிறது. நான் என் லென்ஸின் வியர்வையைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

என் மனைவி ஸ்டெல்லா அதற்கெல்லாம் வித்தியாசம் பார்ப்பதில்லை. உண்மையான பனியைக் காட்டினாலும் அவள் சொல்வது ஒன்றுதான்.

"எல்லாம் வெள்ளையா இருக்கு. இதுக்கு ஒரு வெள்ளைத் தாள பிரேம் போட்டு மாட்டிரலாமே. காலங்காத்தால எந்திரிக்க வேணாம்."

பனியைப் படம் எடுப்பது கேமராவுக்கும் பிடிக்காத வேலை. தானாகக் குவியம் பார்க்கும்படி விட்டால், பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் தவிக்கும். கையால்தான் திருப்ப வேண்டும். வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் கூடிவிட்டது என்று பயந்து எல்லாவற்றையும் அழுக்குச் சாம்பலாக ஆக்கிவிடும். அதன் பேச்சைக் கேட்காமல் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் விட வேண்டும். இவ்வளவும் செய்து முடிப்பதற்குள் பனி நகர்ந்துவிடும். பனி யாருக்காகவும் நிற்பதில்லை.

எங்கள் பக்கத்தில் பனி நன்றாக விழுவதே கார்த்திகையில் தொடங்கிக் கொஞ்சக் காலம்தான். அதிலும் மழை பெய்து குளம் நிறைந்த வருடமாக இருக்க வேண்டும்.

மரியாதை

ஜெனியின் கல்யாணம் மே மாதம் நடந்தது. அந்த வருடம் மழையும் நன்றாகப் பெய்தது. சம்பந்தி ஊர்க் குளம் கலுங்கு தாண்டி வழிந்தது என்று மாப்பிள்ளை அருள் போனில் சொன்னார். அந்தக் குளத்துக்குக் கிழக்கே மலை நிற்கிறது. சூரியன் மலையேறி வரவேண்டும் என்பதால் அங்கே பனி மற்ற இடங்களைவிடச் செத்த நேரம் கூடுதலாக நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கேமராப் பையோடு கிளம்பிப் போனேன். ஞாயிறு காலை படத்துக்கு வேண்டும் என்பதால் சனிக்கிழமை மாலையே பூசைக்குப் போய் வந்துவிடுவது என் வழக்கம்.

சம்பந்தி வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அதுதான் நேர்ந்த சிக்கல்.

"வாங்க சம்பந்தி, வாங்க வாங்க! ஏ லூர்து, யாரு வந்துருக்கான்னு பாரு!"

"குளத்த ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன் சம்பந்தி."

"கொளம் எங்க ஓடியா போயிரும்? மொதல்ல உக்காருங்க."

நாற்காலி வந்தது. அவரே தோள் துண்டால் துடைத்தார். கார்த்திகைக் குளிரில் எனக்காக ஃபேன் போட்டார்கள். சம்பந்தியம்மா லூர்து மேரி முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டுதான் என் முன்னால் வந்தார். மாப்பிள்ளை வைக்கோல்போரைச் சுற்றி ஒரு சேவலைத் துரத்திக்கொண்டிருப்பது சன்னல் வழியே தெரிந்தது. எனக்காக ஓர் உயிர் போகப்போகிறது என்று தெரிந்தும் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

கோழிக்குழம்பு, இட்லி, தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனம். சாப்பிட்டுக் கை கழுவும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. குளத்தில் எருமைகள் மட்டும் இருந்தன. திரும்பும்போது ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஒரு சாக்குத் தேங்காயை ஏற்றிவிட்டார்கள். கேமராப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு கால்களையும் வெளியே நீட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஸ்டெல்லா தேங்காயைப் பார்த்தாள்.

"அவுக இம்புட்டு குடுத்து விட்ருக்காக. அடுத்த தடவ நாம வெறுங்கையோட போக முடியுமா?"

அதன் பொருள் எனக்குப் புரிந்தது. அடுத்த முறை நான் பழக்கூடையோடு போவேன். அவர்கள் இரண்டு கோழி அடிப்பார்கள். பனியின் பக்கம் நான் போகவே முடியாது.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோட்டுத் திருப்பத்தில், புளியமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். வரப்பு வழியாகக் கரைக்கு ஏறினேன். ஊர் எழுந்திருப்பதற்குள் படம் எடுத்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டேன். யாருக்கும் தொந்தரவில்லை, கோழிக்கும் தொந்தரவில்லை என்று நினைத்தேன். அன்றைய நாள்குறிப்பில் "பனி நன்று. படம் சுமார்" என்று எழுதியிருக்கிறேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். மதகுச் சுவருக்குப் பின்னால் ஒளிந்தது அதற்கும் அடுத்த ஞாயிறு.

மூன்று கால் மிஷின்

அந்த வாரத்தில் ஒரு மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். ஜெனியின் போன் வந்தது. ஸ்டெல்லா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, அப்பா எங்க ஊருக்கு வந்தாங்களா?"

"இங்கதான சோறு தின்னுக்கிட்டு இருக்காரு."

"இப்ப இல்லம்மா. ஞாயித்துக்கெழம விடியக்காலைல."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

பால் எடுக்க வரும் பெஞ்சமின் பார்த்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, பல தடவை. புளியமரத்தடியில் என் ஸ்கூட்டர். கரைமேல் நான். எனக்கு முன்னால் மூன்று கால் வைத்த ஒரு மிஷின். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுகண்ணால் அந்த மிஷின் வழியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். குளத்துக்குக் கீழேதான் சம்பந்தியின் வயல்.

"சர்வேக்காரவுக மாதிரி நெலத்த அளக்குறாருன்னு சொல்லிட்டாருப்பா. ஊரு பூரா அதான் பேச்சு. கல்யாணம் பேசும்போது கொளத்துக்குக் கீழ ரெண்டு ஏக்கர் நஞ்சைன்னு சொன்னாங்கள்ல, அது சரியா இருக்கான்னு சம்பந்தி ரகசியமா வந்து அளந்துட்டுப் போறாருன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"மாமா என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டேன்.

"திட்டுனாக்கூடப் பரவால்லப்பா. ஒண்ணுமே சொல்லல. நாலஞ்சு நாளா என்னை ஆத்தான்னு கூப்புடவே இல்ல. நேத்து நான் தல கிறிஸ்துமஸ் பேச்ச எடுத்தேன். 'பாப்போம்'னு ஒத்த வார்த்த சொல்லிட்டுத் துண்ட ஒதறிப் போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

கல்யாணமான பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ் பெண்ணின் தாய்வீட்டில்தான். தலை தீபாவளி போலத்தான் எங்களுக்குத் தலை கிறிஸ்துமஸ். பெண் வீட்டார் தட்டு வைத்துக் கூப்பிட வேண்டும். மாமனார் மாமியார் சரியென்று சொல்லி அனுப்பி வைக்க வேண்டும். அவர்கள் "பாப்போம்" என்றால் அதற்கு மேல் மாப்பிள்ளையும் பேச மாட்டார், மகளும் பேச மாட்டாள்.

மே மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் சத்தம் குறைந்திருந்தது. ஜெனி இருந்தவரை டிவி ஒரு பக்கம், அவள் போன் ஒரு பக்கம், அவளும் ஸ்டெல்லாவும் போடும் சண்டை ஒரு பக்கம். இப்போது இரவு நான் கடை சாத்திவிட்டு வந்தால் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்கிறது. அந்த டிசம்பருக்காக நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே தயாராகிக்கொண்டிருந்தோம். ஜெனியின் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஸ்டெல்லா முறுக்குக்கு மாவு அரைத்து வைத்துவிட்டாள். நான் மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்து, சட்டை அளவு சரியா என்று இரண்டு முறை பிரித்து மடித்து வைத்திருந்தேன்.

போனை வைத்த பிறகு ஸ்டெல்லா என் தட்டில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போட்டோ புடிக்க ஒலகத்துல எடமே இல்லையா உங்களுக்கு?"

தட்டு

சனிக்கிழமை கடையைப் பையனிடம் விட்டுவிட்டு இருவரும் போனோம். தட்டில் பழம், பூ, வேட்டி சேலை, கேக் எல்லாம் முறைப்படி. இந்த முறை ஸ்கூட்டரை நேராக வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஹாரனும் அடித்தேன்.

"வாங்க. உக்காருங்க," என்றார் சம்பந்தி.

அவ்வளவுதான். துண்டால் நாற்காலியைத் துடைக்கவில்லை. ஃபேன் போடவில்லை. எனக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது. ஜெனி அடுக்களை வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

தட்டை நீட்டினேன். அவர் கையைத் தொடையிலிருந்து எடுக்கவில்லை.

"மொதல்ல ஒண்ணு கேட்டுக்கிர்றேன் சம்பந்தி. அளந்தீகளே, சரியா இருந்துச்சா? கொறையுதா?"

"சம்பந்தி, நான் நெலத்த அளக்கல."

"இல்ல, பட்டா வேணும்னாலும் எடுத்துட்டு வாரேன். கல்யாணத்துக்கு முன்னாடியே கேட்டுருந்தா கையில குடுத்துருப்பேனே. நான் பொய் சொல்லிப் பொண்ணு எடுக்குற ஆளு இல்ல."

"நான் பனிய போட்டோ புடிக்க வந்தேன்."

சம்பந்தி என்னைப் பார்த்தார். சம்பந்தியம்மாவைப் பார்த்தார்.

"எத?"

"பனிய. மூடுபனிய. கொளத்து மேல நிக்குதுல்ல, அத."

"பனிய எதுக்குய்யா போட்டோ புடிக்கணும்?"

நல்ல கேள்விதான். கேமராவை எடுத்து அந்த மூன்று ஞாயிறுகளின் படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தார். வெள்ளை. அடுத்தது வெள்ளை. அடுத்ததில் ஒரு மரக்கிளையின் நுனி.

"ஒண்ணுமே இல்லையே சம்பந்தி," என்றார் மெதுவாக. குரலில் இப்போது கோபத்தோடு சந்தேகமும் சேர்ந்திருந்தது. வயலைப் பிடித்த படங்களை அழித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார். "இல்லப்பா. மாமா வீட்டுச் சுவரு பூரா இதேதான் மாட்டிருக்கும். நான் கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு பாக்கப் போனப்பவே பாத்தேன். சுவத்துல கண்ணாடி மாட்டிருக்காகன்னு நெனச்சேன்."

சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சம்பந்தி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"சரி. பனிக்கே வந்தீகன்னு வச்சுக்கிருவோம். இங்கன ரெண்டெட்டுல வீடு. எம்மருமக ஒங்க மக. வாசப்படி ஏறாம, புளியமரத்துல வண்டிய மறைச்சு வச்சுட்டுப் போறீகளே, நாங்க என்ன ஒட்டு ஒறவு இல்லாதவுகளா? எங்க வீட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சா ஆகாதா?"

அவருடைய வருத்தம் நிலத்தில் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் உபசாரம் முடிவதற்குள் பனி போய்விடுகிறது என்று எந்த மனிதன் சம்பந்தியிடம் சொல்வான்?

ஸ்டெல்லா சொன்னாள்.

"அண்ணே, ஒளிவு மறைவு எதுக்கு? ஒங்க கவனிப்புக்குப் பயந்துதான் இவரு ஒளிஞ்சுக்கிட்டுத் திரிஞ்சுருக்காரு. நீங்க ஒக்கார வச்சா மத்தியானமாகும் எந்திரிக்க. சேவலு உசுரும் போகும், இவரு பனியும் போகும். வேற ஒண்ணும் இல்லண்ணே. இவருக்கு நெலம் அளக்கத் தெரிஞ்சா எங்க வீட்டுக் காம்பவுண்டு சுவரு ஏன் கோணலா நிக்கிது?"

ஜெனி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சம்பந்தி தட்டை வாங்கினார். வாங்கி, பக்கத்தில் இருந்த ஸ்டூலின் மேல் வைத்தார். வாங்கியது சம்மதமா, மரியாதைக்கா என்று எனக்குப் புரியவில்லை.

"நாளைக்கு வருவீகல்ல?"

"எங்க?"

"கொளத்துக்குத்தான். வாங்க. நானும் வாரேன். அப்பிடி என்னதான் இருக்குன்னு பாத்துட்டு, மத்ததப் பேசுவோம்."

ஜெனியும் மாப்பிள்ளையும் வருவதா இல்லையா என்பது மறுநாள் விடியும் பனியில் தொங்கிக்கொண்டு நின்றது.

கரையில் இருவர்

அன்று இரவு நான் பயந்ததெல்லாம் பனி விழாமல் போய்விடுமோ என்றுதான். விழுந்தது. அந்தப் பருவத்திலேயே நல்ல பனி அன்றுதான். ஸ்கூட்டர் வெளிச்சம் முன்சக்கரத்தைத் தாண்டிப் போகவில்லை.

சம்பந்தி எனக்கு முன்பே மதகில் நின்றார். தலையில் மப்ளர், மேலே மாப்பிள்ளையின் பழைய ஸ்வெட்டர். நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வந்திருந்தார்.

"இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம் சம்பந்தி. சத்தம் போடாம நிக்கணும்."

அது அவருக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்று போகப் போகத் தெரிந்தது. வரப்புக்கு வரப்பு கூப்பிட்டுப் பேசிப் பழகிய குரல். ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் சொன்ன வார்த்தைகளுக்கே இரண்டு கொக்குகள் எழுந்து போயின. பிறகு மப்ளரை இழுத்து வாயின் மேல் கட்டிக்கொண்டார்.

மலைக்குப் பின்னால் வெளுத்தது. பனி வெள்ளையிலிருந்து லேசான சந்தன நிறத்துக்கு மாறியது. கருவேல மரங்களின் வேரருகே முக்குளிப்பான் ஒன்று தலை தூக்கிப் பார்த்துவிட்டு மூழ்கியது. அது கிழித்த வளையம் விரிந்து விரிந்து பனிக்குள் போய்க் காணாமல் போனது. நான் கையால் குவியத்தைத் திருப்பி ஒன்றிரண்டு எடுத்தேன்.

சம்பந்தி மப்ளரை இறக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. நான் இல்லேங்கல. ஆனா ஒண்ணு. பனி எல்லாக் கொளத்துலயுந்தான் எறங்குது. டவுனுலருந்து இங்க வாரதுக்குள்ள எத்தன கொளம் இருக்கு! இங்கன எதுக்கு வாரீக?"

"மலை மறைக்கிறதால இங்க வெயில் லேட்டா வருது."

"மலையடியில கொளம் இது ஒண்ணுதானாக்கும்?"

உண்மையில் அப்படி ஒரு கேள்வியை நான் என்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. கேமராவில் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் குரல் கேட்டது. சம்பந்தி வீட்டின் பின்பக்கம் கரையை ஒட்டித்தான். வீடு தெரியவில்லை. அடுக்களை விளக்கு மட்டும் பனிக்குள் மஞ்சளாக ஊறியிருந்தது. காற்று அசையாத அந்த நேரத்தில், பேசுகிற ஆள் பக்கத்தில் நிற்பது போலக் கேட்டது.

"அத்தே! இந்தக் கோழி மறுபடியும் மாவுச் சட்டிக்கிட்ட வந்துருச்சு!"

"வெரட்டாத ஆத்தா, முட்ட வைக்கப் போகுது."

"மாவுக்குள்ளயா வைக்கும்?"

பிறகு ஜெனியின் சிரிப்பு. இழுத்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடங்குகிற சிரிப்பு. மே மாதம் வரை எங்கள் வீட்டு அடுக்களையில் கேட்டது.

என் விரல் பட்டனில் இருந்தது. அழுத்தவில்லை. முக்குளிப்பான் மீண்டும் எழுந்து, நேர் எதிரே, வெளிச்சத்தில் வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நான் அந்தச் சிரிப்பு முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது சம்பந்தி குளத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். பனி நேரத்தில் கண்ணாடி நனைவது சகஜம்தான்.

"தெனமும் இதே கூத்துத்தான்," என்றார் சம்பந்தி. இம்முறை உண்மையிலேயே மெதுவாகப் பேசினார். "அந்தக் கோழிக்கும் இதுக்கும் ஆகாது."

பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எம்பொண்ண திருப்பூருல குடுத்துருக்கேன் சம்பந்தி. மாடி வீடு. கீழ ஒரே பனியன் கம்பெனிச் சத்தம். போனா, 'உக்காருங்க மாமா'ம்பாக. உக்காந்து, சாப்புட்டு, பஸ்ஸப் புடிச்சு வந்துருவேன். அங்கிட்டு ஒளிஞ்சு நிக்க ஒரு கொளங்கூடக் கெடையாது."

நான் ட்ரைபாடின் ஒரு காலை அவிழ்த்து மறுபடி இறுக்கினேன். அது சரியாகத்தான் இருந்தது.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டார். நான் தடுப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"ஏ ஆத்தா ஜெனீ! ரெண்டு காப்பி கொண்டா! ஒங்கப்பாரு வந்துருக்காரு!"

குளம் முழுக்க எழுந்தது. கொக்கு, நாரை, நீர்க்காகம் என்று அவ்வளவு பறவைகள் அந்தப் பனிக்குள் இருந்தன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தலைக்கு மேல் சிறகுச் சத்தம் கடந்து போனது. தண்ணீர் கலைந்து, மரங்களின் நிழல் கலைந்து, அன்றைய படம் முடிந்தது.

"போயிருச்சா?" என்றார் சம்பந்தி, கொஞ்சம் சங்கடத்தோடு.

"போயிருச்சு."

"சரி, விடுங்க. அடுத்த வாரமும் வரும்ல."

கரையின் அந்தக் கோடியில் ஒரு சாம்பல் உருவம் தெரிந்தது. அசைந்து, தெளிந்து, இரண்டு கைகளிலும் தம்ளர் பிடித்துக்கொண்டு வரும் ஜெனி ஆனது. நைட்டிமேல் துண்டு. தலைமுடியில் மாவு. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் முகத்தில் என்ன இருக்கிறது என்று படிக்க முயன்றாள்.

"துணிமணிய எடுத்து வச்சுக்க ஆத்தா," என்றார் சம்பந்தி. "கிறிஸ்துமஸுக்கு முந்துன வாரமே ரெண்டு பேரும் கெளம்புங்க. ஒங்கப்பாரு கூப்புட்டாரு, நான் சரின்னுட்டேன். புது வருசம் கழிச்சு வந்தாப் போதும்."

ஜெனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். என் கையில் ஒரு தம்ளரையும் அவர் கையில் ஒரு தம்ளரையும் அவசரமாகத் திணித்துவிட்டு, "ஆறிப்போகும், குடிங்க" என்று முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. பல வருடங்களாகக் காப்பிக்குச் சீனி கிடையாது. சம்பந்திக்கோ தம்ளரின் அடியில் சீனி தெரிய வேண்டும். ஜெனிக்கு இரண்டும் தெரியும், பார்த்துப் பார்த்துத்தான் கலந்து கொண்டுவந்திருப்பாள். நான் ஒரு வாய் குடித்தேன். பாகு போல இனித்தது.

சம்பந்தியும் ஒரு வாய் குடித்தார். முகம் லேசாகக் கோணியது. தம்ளருக்குள் பார்த்தார். பிறகு என் தம்ளரைப் பார்த்தார். நான் இன்னொரு வாய் குடித்தேன்.

அவர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத் தம்ளரை ஜெனியிடம் நீட்டினார்.

"காப்பி நல்லாருக்குத்தா," என்றார்.